மடக்குக் கட்டர் வாங்கும் முன்: கவுண்டரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையின் கவுண்டரில் நிற்கிறேன். பட்டுப்புடவை பார்சல் பிரிக்கிற ஆரணிக்காரர், ஷூ கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கிற ஆம்பூர் அக்கா, ஃபால்ஸ் சீலிங் போடுகிற காட்பாடித் தம்பி என்று யார் வந்தாலும் மடக்குக் கட்டர் பற்றிக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். கூட்ட நேரத்தில் நின்று விளக்க முடிவதில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு பிளேடு வாங்க வருகிறவர்களையும் பார்க்கிறேன். அதனால் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்து, முழுப் பதிலையும் எழுதிவிட்டேன்.

மடக்குக் கட்டர்னா இன்னாணா, பேனாக்கத்தி மாதிரியா?

மடங்குவதில் மட்டும் அதே மாதிரி. பேனாக்கத்தியில் பிளேடு கத்தியோடு சேர்ந்தது, மழுங்கினால் சாணை பிடித்தாக வேண்டும். மடக்குக் கட்டரில் பிளேடு தனி. முதுகுப் பக்கம் குட்டையாகவும் கூர்ப்பக்கம் நீளமாகவும் இருக்கும் அந்த பிளேடு சுமார் 6 செ.மீ. நீளம், 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான அகலம், 0.6 மி.மீ. கனம். அதைக் கவ்விப் பிடிக்கிற தாடைக்குள் பாதிக்கு மேல் மறைந்துவிடும். வெளியே நிற்பது ஓர் அங்குலம்தான்.

ஒரு முனை மழுங்கினால் கழற்றித் திருப்பிப் போடலாம், மறு முனை புதிதாக இருக்கும். பலர் இது தெரியாமல் பாதி பிளேடைத் தூக்கிப் போடுகிறார்கள்.

தள்ளுற கட்டர் சல்லிசா கிடைக்குதே, அது போதாதா?

பேக்கிங் டேப், பேப்பர், ஸ்டிக்கர், வால்பேப்பர் மட்டும்தான் வெட்டுவீர்கள் என்றால் தாராளமாகப் போதும். முனையை உடைத்து உடைத்துப் புதுக் கூர் எடுக்கிற அந்தக் கட்டரை 1956-ல் ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா என்பவர் வடிவமைத்தார். அச்சகத்தில் பேப்பர் வெட்டும் வேலையிலிருந்து பிறந்த கருவி அது. பேப்பருக்கு இன்றும் அதை விஞ்ச ஒன்றில்லை. 9 மி.மீ. அகலம் மெல்லிய வேலைக்கு, 18 மி.மீ. அட்டைக்கு.

சாக்கு, பிளாஸ்டிக் பட்டை, நைலான் கயிறு, ரெக்சின் என்று வரும்போதுதான் சிக்கல். அந்த பிளேடில் உடைவதற்கென்றே கோடு போட்டிருக்கிறது. பக்கவாட்டில் கொஞ்சம் திருகினாலும் கோட்டில் உடைந்து துண்டு பறக்கும். கண்ணுக்கு அது ஆபத்து. வேண்டுமென்றே உடைக்கும்போதும் கையால் உடைக்காதீர்கள். இடுக்கியால் பிடித்து, உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாக உடையுங்கள்.

எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, எதைப் பார்த்து வாங்கணும்?

பூட்டைப் பாருங்கள். நிறம், ரப்பர் பிடி, டிசைன் எல்லாம் அப்புறம். விரித்த கத்தி வேலை நடுவில் மடங்கினால், அது வந்து மூடும் இடத்தில் இருப்பவை உங்கள் நான்கு விரல்கள். அதனால் வாங்கும் காசில் பெரும்பங்கு பூட்டுக்குப் போகட்டும் என்பது என் உறுதியான கருத்து.

கவுண்டரிலேயே சோதிக்கலாம். கத்தியை மெதுவாக விரியுங்கள். கடைசியில் 'டக்' என்று ஒரே ஒரு தெளிவான சத்தம் வரவேண்டும். இப்போது கைப்பிடியின் இடுக்கில் பாருங்கள். பூட்டுத் தகடு தாடையின் அடியில் நன்றாக ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும், ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் வைத்துவிடுங்கள். பிறகு கைப்பிடியை இரண்டு பக்கவாட்டிலும் மட்டும் பிடித்து, மடங்கும் வழியில் விரலே இல்லாதபடி பார்த்துக்கொண்டு, கத்தியின் முதுகை மர மேசையில் லேசாக இரண்டு தட்டு தட்டுங்கள். அசையாமல் நிற்க வேண்டும். ஒரு முறை நழுவினாலும் அந்தக் கத்தி வேண்டாம்.

அடுத்து தாடை. பிளேடின் முதுகைத் தடித்த துணியால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். மயிரிழை ஆட்டம் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் கோடு நேராக வெட்டாது, பிளேடும் சீக்கிரம் உடையும். சோதிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி வந்த அன்றே இதையெல்லாம் செய்து பார்த்து, தவறினால் திருப்பி அனுப்புங்கள்.

பூட்டுலயும் ரகம் இருக்குதாமே?

அதிகம் வருவது மூன்று. முதலாவது லைனர் லாக்: உள்ளே ஒரு மெல்லிய எஃகுத் தகடு, மடக்கும்போது கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். ஒரு கையால் மடக்கலாம், விலையும் குறைவு. ஆனால் தகட்டைத் தள்ளும் அந்த நொடியில் கட்டைவிரல் பிளேடு வரும் பாதையில் இருக்கிறது. தாடை அசையத் தொடங்கியதும் கட்டைவிரலை எடுத்துவிட்டு அப்புறம்தான் முழுக்க மடக்க வேண்டும்.

இரண்டாவது பேக் லாக்: கைப்பிடியின் முதுகில் ஒரு பட்டி, அதை அழுத்தினால் விடும். பெரும்பாலும் இரண்டு கை வேண்டும், ஆனால் விரல் பாதையில் வராது. கையுறை போட்டு வேலை செய்பவர்களுக்கு இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். மூன்றாவது பட்டன் லாக்: வசதியானது, ஆனால் பட்டனுக்குள் தூசி போனால் ஒட்டிக்கொள்ளும். சிமென்ட், ஜிப்சம் தூசியில் வேலை பார்ப்பவர்கள் தவிர்க்கலாம்.

நான் இடதுகைக்காரன். ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. லைனர் லாக் வலது கட்டைவிரலுக்காகச் செய்தது. இடது கையில் பிடித்தால் ஆள்காட்டி விரலால் தகட்டைத் தள்ள வேண்டிவரும், பழகினாலும் சங்கடம்தான். பேக் லாக் இரண்டு கைக்கும் ஒன்றே. சட்டைப் பையில் மாட்டும் கிளிப்பைப் பக்கம் மாற்ற முடியுமா என்றும் பாருங்கள்.

எந்தக் கம்பெனி பிளேடும் எந்தக் கட்டருக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். முதல் பதிலில் சொன்ன அளவுதான் பொது அளவு. பிளேடின் முதுகில் இருக்கும் வெட்டுப் பள்ளங்கள் தாடையில் உள்ள முளையில் உட்கார வேண்டும். அதில் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி சின்ன மாறுதல் வரும்.

சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி மடக்குக் கட்டர்களில் கவனம். அவற்றுக்குச் சிறிய பிளேடு தனியாக வேண்டும், அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ உங்கள் தெருமுனைக் கடையில் கிடைக்கிற பிளேடு எது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற கத்தியை வாங்குங்கள். பிளேடை ஸ்க்ரூ இல்லாமல், பட்டனை அழுத்தி மாற்றுகிற மாடல் நல்லது. ஸ்டார் ஸ்க்ரூ போட்ட மாடல் என்றால் அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவர் கைவசம் இல்லாமல் மழுங்கிய பிளேடையே வைத்து இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

பிளேடை எப்ப மாத்தணும்?

நீங்கள் நினைப்பதைவிட முன்னாலேயே. மழுங்கிய பிளேடுக்கு அழுத்தம் அதிகம் கொடுப்பீர்கள், அழுத்தம் கொடுத்த கத்தி வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கைவெட்டுகள் பல அப்படித்தான் நடக்கின்றன. செய்தித்தாளின் ஒற்றைத் தாளைக் கையில் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். கிழியாமல் இறங்கினால் பிளேடு நன்றாக இருக்கிறது. நாரு நாராகப் பிய்த்தால் திருப்பிப் போடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். நம்ம ஊர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திர நாட்களில், பேக்கிங் டேப்பின் பசை இளகி பிளேடில் அப்பிக்கொள்ளும். வெட்டும்போது இழுக்கும், பிளேடு போய்விட்டது என்று தோன்றும். கொஞ்சம் மண்ணெண்ணெயோ நீலகிரித் தைலமோ துணியில் தொட்டு, முதுகிலிருந்து கூர் நோக்கித் துடைத்துப் பாருங்கள். பல நேரம் பிளேடு நன்றாகவே இருக்கும்.

தங்கக் கலர் பிளேடு அதிக நாள் வருமாமே?

டைட்டானியம் நைட்ரைடு பூச்சு உண்மையிலேயே கடினமானது, நிறமும் பொன்னிறம்தான். ஆனால் பொன்னிறமாக இருப்பதெல்லாம் அந்தப் பூச்சு என்று சொல்ல முடியாது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். கொஞ்சம் கூடக் கொடுக்கத் தயார் என்றால் நான் பை-மெட்டல் பிளேடைச் சொல்வேன். முதுகு வளையும் எஃகு, கூர் மட்டும் கடினமான ஹை ஸ்பீடு ஸ்டீல். திருகினால் சட்டென்று உடையாது, கூரும் நிற்கும். வீட்டு உபயோகத்துக்குச் சாதாரண கார்பன் ஸ்டீல் பிளேடே போதும்.

பிளேடை சாணை பிடிச்சு திரும்பப் பயன்படுத்தலாமா?

சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளையும் அருவாமனையையும் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். இவ்வளவு மெல்லிய பிளேடு சக்கரத்தில் பட்டதும் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். நாலு வெட்டில் மறுபடி மழுங்கும்.

புடவை பார்சல் பிரிக்கிறேன். ரெண்டு தடவை மேல்புடவையே வெட்டுப்பட்டுடுச்சு.

ஆரணியிலிருந்து பட்டுப் பார்சல், குடியாத்தத்திலிருந்து லுங்கிக் கட்டு என்று பிரிக்கிறவர்கள் எல்லாரிடமும் இந்த வருத்தம் இருக்கிறது. ஓர் அங்குல பிளேடு முழுவதையும் பெட்டிக்குள் இறக்குவதுதான் காரணம். அட்டையின் கனம் சில மில்லிமீட்டர். வெட்ட வேண்டியதோ அட்டைகூட இல்லை, இரண்டு மடிப்புக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் டேப் மட்டும்தான்.

கத்தியைச் செங்குத்தாகக் குத்தாதீர்கள். பென்சில் பிடிப்பது போலச் சாய்த்துப் பிடித்து, ஆள்காட்டி விரலைக் கத்தியின் பக்கவாட்டில் வைத்து, முனை மட்டும் டேப்பில் படும்படி இழுங்கள். முதலில் பெட்டியின் இரு ஓரங்களிலும் மடியும் டேப்பை அறுத்துவிட்டு அப்புறம் நடுக்கோடு. உள்ளே பாலித்தீன் உறை இருந்தால் கட்டரைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுங்கள். தினமும் இதே வேலை என்றால் கொக்கி பிளேடு வாங்கிப் போடுங்கள், அதே கட்டரில் பொருந்தும். முனை உள்நோக்கி வளைந்திருப்பதால் துணியில் குத்தாது.

இன்னொன்று: புது பிளேடுகள் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவித்தான் வரும். துடைக்காமல் போட்டால் முதல் பார்சலில் எண்ணெய்க் கறை விழும். பட்டில் விழுந்த கறைக்கு அப்புறம் யார் பதில் சொல்வது?

தோல் வெட்ட இதே போதுமா? சின்னதா பெல்ட், பர்ஸ் செய்யலாம்னு பாக்குறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கமிருந்து வரும் கேள்வி. கம்பெனியில் பிரஸ் மெஷினில் அச்சு வைத்துத் தட்டி எடுக்கிறார்கள். வீட்டில் பெல்ட் மாதிரி நேர்கோடு வெட்ட மடக்குக் கட்டர் நன்றாகவே போதும், பிளேடு மட்டும் புதிதாக இருக்க வேண்டும். தடித்த இரும்பு ஸ்கேல் வைத்து, ஒரே அழுத்தில் அறுக்காமல் ஒரே கோட்டில் மூன்று நான்கு முறை இழுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், பிளேடு அதன் மேல் ஏறி விரலுக்கு வந்துவிடும்.

வளைவுகளுக்கும் ஓரம் சீவி மெலிதாக்கவும் இது சரிப்படாது. அதற்கென்று தோல் சீவும் கத்தி தனியாக இருக்கிறது. உங்கள் ஊரிலேயே செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டால் பிடிக்கும் விதத்தோடு சேர்த்துக் காட்டுவார்.

ஜிப்சம் போர்டு, சன்மைக்கா, பிவிசி பைப், ஒயர்... எதுக்கெல்லாம் ஓகே?

ஜிப்சம் போர்டுக்கு இதுதான் சரியான கருவி. முன்பக்கத் தாளை ஸ்கேல் வைத்துக் கீறி, பின்னால் மடித்து உடைத்து, பின்பக்கத் தாளை அறுத்தால் முடிந்தது. ஜிப்சத்தில் பிளேடு வேகமாக மழுங்கும், நிறைய வைத்துக்கொள்ளுங்கள். சன்மைக்காவுக்கு அதற்கான கட்டரே வாங்குங்கள். பிவிசி பைப்புக்கு ஹேக்ஸா. ஒயர் தோல் உரிக்க வேண்டாம். உள்ளே செம்புக்கம்பியில் கீறல் விழுந்தால் அந்த இடம் மெலிந்து சூடாகும். மின்சாரம் ஓடும் ஒயருக்கு அருகில் இந்தக் கத்தியையே கொண்டு போகாதீர்கள், பெரும்பாலானவற்றின் கைப்பிடி உலோகம்.

அம்மாவை சி.எம்.சி.ல சேர்த்திருக்கோம். லாட்ஜ்ல பழம் நறுக்க இது ஒண்ணே போதுமா சார்?

வேண்டாம்மா. மேலே சொன்ன எண்ணெயும் டேப் பசையும் இதில் இருக்கும், தாடை இடுக்கைக் கழுவிச் சுத்தம் செய்யவும் முடியாது. உடம்பு சரியில்லாதவர் சாப்பிடும் பழத்துக்கு உறை போட்ட சின்ன எவர்சில்வர் கத்தி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மாசத்துல துரு ஏறிடுது. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் என்று உடனே சொல்ல முடியாது. சாதாரண பிளேடு கார்பன் ஸ்டீல், வியர்வை பட்டாலே துரு ஏறும். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் உப்புத்தோல் கிடங்கில் வேலை என்றால் இன்னும் சீக்கிரம். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டு வைக்கிறார்கள், அந்த உப்பு கையிலும் பையிலும் ஒட்டிக் கத்திக்குப் போகிறது. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வாரம் ஒரு முறை மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்கு பிடித்துப் பூட்டை ஒட்ட வைக்கும்.

பாக்கெட்ல வெச்சிருந்தா போலீஸ் பிடிப்பாங்களா?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. ஓர் அங்குல பிளேடு அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது.

ஆனால் அளவு ஒன்றே கணக்கில்லை. யாரையாவது மிரட்டக் காட்டினால் எவ்வளவு சின்னக் கத்தியும் குற்றம்தான். திருவிழாக் கூட்டத்துக்கும் அரசியல் கூட்டத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள். வேலைக்குப் போகும்போது கருவிப் பையில் இருக்கட்டும். பட்டனைத் தட்டினால் ஸ்பிரிங்கில் பாய்ந்து திறக்கும் கத்தியைக் கேட்கிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பதில்லை. எந்த வேலைக்கும் அது தேவைப்படாது.

ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போகலாமா?

விமானத்தில் கைப்பைக்குள் கூடவே கூடாது, சோதனையில் எடுத்துவிடுவார்கள். உள்ளே போடும் பெட்டியில், பிளேடைக் கழற்றி அட்டையில் சுற்றி வைத்துக் கொண்டுபோகலாம். கோர்ட், தொரப்பாடி ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போவது, சென்னை மெட்ரோ ஆகியவற்றுக்கும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பையன் பத்தாவது. ஸ்கூல் பிராஜெக்டுக்குக் கேட்கிறான், வாங்கித் தரலாமா?

வீட்டில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தரலாம். அதுவும் 9 மி.மீ. தள்ளுற கட்டர், இரும்பு ஸ்கேல், அடியில் தடித்த அட்டை என்று மூன்றும் சேர்த்து. தெர்மாகோலுக்கும் சார்ட்டுக்கும் அது போதும். மடக்குக் கட்டர் இப்போது வேண்டாம். பள்ளிக்கூடப் பைக்குள் எதுவுமே போகக்கூடாது.

பழைய பிளேடை எங்க போடுறது? குப்பையில போட்டா போதும்ல?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நீங்கள் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிட்ட பிளேடை, காலையில் வரும் தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்கிறார். பல நேரம் கையுறைகூட இல்லை. அவர் கை கிழிந்தால் உங்களுக்குத் தெரியக்கூட வராது.

மூடியுள்ள ஒரு தகர டப்பா எடுத்து, மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போடுங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். பழைய பிளேடு, உடைத்த துண்டு, ஷேவிங் பிளேடு எல்லாம் அதற்குள். ஒரு வீட்டுக்கு அது வருடக்கணக்கில் நிறையாது. நிறைந்ததும் கீறலையும் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, பணியாளர் கையிலேயே சொல்லிக் கொடுங்கள். பழைய இரும்புக் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். வாங்கும்போது கட்டரோடு ஒரு டப்பாவும் வேண்டும் என்று கேளுங்கள், எங்களிடம் காலி ஸ்க்ரூ டப்பா எப்போதும் இருக்கும்.

கை வெட்டுப்பட்டா முதல்ல என்ன பண்ணணும்?

சுத்தமான துணியை வைத்து, விடாமல் பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள், டாக்டர் தைப்பதற்கு முன் அதையெல்லாம் கழுவி எடுக்க வேண்டியிருக்கும்.

பத்து நிமிஷத்திலும் நிற்காவிட்டால், விரல் மரத்துப்போனால், விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால் வெட்டு சின்னதாகத் தெரிந்தாலும் உடனே போங்கள். புது பிளேடு போட்ட வெட்டு வெளியே கோடு மாதிரிதான் தெரியும், உள்ளே நரம்பு வரை போயிருக்கலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, எது கிட்ட இருக்கிறதோ அங்கே. கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ரெண்டு வருஷம் ஆச்சு, கத்தி லூசா ஆடுது. டைட் பண்ணலாமா, புதுசு வாங்கணுமா?

எங்கே ஆடுகிறது என்று பாருங்கள். மடங்கும் மூட்டில் பக்கவாட்டு ஆட்டம் என்றால் அங்குள்ள ஸ்க்ரூவைக் கால் சுற்று முறுக்கினால் போதும். அதிகம் முறுக்கினால் மடங்காது. தாடைக்குள் பிளேடு ஆடினால் முதலில் உள்ளே சேர்ந்த அட்டைத்தூளையும் பசையையும் பழைய டூத் பிரஷால் சுத்தம் செய்யுங்கள், பிளேடைக் கடைசிவரை தள்ளி உட்கார வையுங்கள்.

இரண்டும் செய்தபின் பூட்டுக்கு மேலே சொன்ன அதே மேசைச் சோதனையைச் செய்யுங்கள். நழுவினால் பூட்டின் முனை தேய்ந்துவிட்டது. அதை ராவியோ தகடு வைத்தோ சரிசெய்ய முடியாது, வேறொருவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். மீதமிருக்கும் நல்ல பிளேடுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புதுக் கட்டரிலும் அவை பெரும்பாலும் பொருந்தும்.